நியூகாசிலுக்கு நிலக்கரி: ஓர் ஆங்கிலச் சொலவடையைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களுக்கு முன்பு ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கும்போது, “இது நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவதைப் போன்றது” என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “பாவம், அந்த ஊரில் கரியே கிடைக்காதா?”

அவர் மேல் தப்பில்லை. தமிழில் அந்த வாக்கியம் ஏதோ நிவாரண உதவி போலத்தான் ஒலிக்கிறது. மூலத்தின் பொருள் நேர் எதிர். அன்று தொடங்கி இந்தச் சொலவடையை நான் விடவில்லை. மொழிபெயர்ப்பு பழகும் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு, சில கேள்விகளுக்குப் பதில் மனப்பாடமே ஆகிவிட்டது. அவற்றைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தச் சொலவடைக்கு என்னதான் பொருள்?

ஒரு பொருள் எங்கே மலைபோல் குவிந்து கிடக்கிறதோ, அங்கேயே அதைச் சுமந்துகொண்டு போவது. வீண் வேலை, வேண்டாத வேலை. தோட்டம் நிறைய மல்லிகை வைத்திருப்பவருக்கு ஒரு முழம் மல்லிகைச்சரம் வாங்கிப் போகிறீர்கள் என்றால், வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே “நியூகாசிலுக்கு நிலக்கரி” என்பார். முழு வாக்கியமாகக்கூடச் சொல்ல மாட்டார். ‘கொண்டுபோவது’ என்ற வினையை விழுங்கிவிட்டு அவ்வளவோடு நிறுத்திக்கொள்வதுதான் இன்றைய வழக்கு.

எந்த நியூகாசில்?

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றின் வடகரையில் இருக்கும் நியூகாசில். வெற்றிவீரன் வில்லியமின் மூத்த மகன் ராபர்ட் 1080-இல் அங்கே கட்டிய ‘புதிய கோட்டை’தான் ஊருக்குப் பெயர் கொடுத்தது. அதற்கும் முன்னால் ரோமர்கள் அதே இடத்தில் ஆற்றுக்குப் பாலம் கட்டியிருந்தார்கள். ஹேட்ரியன் பேரரசரின் எல்லைச் சுவரும் அவ்வழியேதான் போனது. மரமும் மண்ணுமாக இருந்த கோட்டைக்குப் பதிலாக 1168-க்கும் 1178-க்கும் இடையில் கல்லால் எழுப்பிய கோபுரம் இன்னும் நிற்கிறது. விக்டோரியா காலத்தில் ரயில் பாதை போட்டவர்கள் கோட்டை வளாகத்தை நடுவில் பிளந்துகொண்டு போனதால், கோபுரம் ஒரு பக்கமும் பழைய வாயில் மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்கின்றன.

தமிழ்ப் பத்திரிகைகளில் நியூகேஸில், நியூகாஸ்ல், நியூகாசில் என்று பலவாறாக வருகிறது. ‘ட்’ ஒலி கிடையாது என்பது மட்டும் நிச்சயம். உள்ளூர்க்காரர்கள் இரண்டாவது அசையை அழுத்தி, ‘கா’வைக் குறுக்கிச் சொல்வார்கள், தெற்கத்திக்காரர்கள் ‘கா’வை நீட்டுவார்கள்.

பிரிட்டனில் பல இடங்களில் நிலக்கரி உண்டே. இந்த ஊர் மட்டும் எப்படிப் பழமொழியில் ஏறியது?

நல்ல கேள்வி. வேல்ஸில் உண்டு, யார்க்‌ஷரில் உண்டு, ஸ்காட்லாந்தில் உண்டு. பூமிக்கடியில் கரி இருப்பது மட்டும் ஓர் ஊரைப் பழமொழியாக்கிவிடாது. நியூகாசிலுக்கு அதற்கு மேல் இரண்டு வாய்த்தன: ஒன்று ஆறு, இன்னொன்று ஏகபோகம்.

முதலில் ஆறு. சாலையும் ரயிலும் சரியாக இல்லாத காலத்தில் நிலக்கரி போன்ற கனத்த, மலிவான சரக்கை வண்டியில் ஏற்றிச் சில மைல் போனாலே, வண்டிக்கூலி கரியின் விலையைத் தாண்டிவிடும். தண்ணீர் வழியாகப் போனால்தான் கட்டுப்படியாகும். டைன் ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டியே கரிப்படிவங்கள் இருந்தன. ஆறு நேராக வடகடலில் விழுகிறது. கடலோரமாகவே தெற்கே இறங்கினால் தேம்ஸ் முகத்துவாரம், அதற்குள் லண்டன். விறகுக்கு விலை ஏறிக்கொண்டே போன அந்தப் பெருநகரம் எவ்வளவு கொடுத்தாலும் எரித்துவிடும்.

அடுத்தது ஏகபோகம். 1530-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, டைன் ஆற்றங்கரைக் கரி முழுவதையும் நியூகாசில் படித்துறையிலிருந்துதான் கப்பலேற்ற வேண்டும். ஆற்றின் எதிர்க்கரைக்காரனும் முகத்துவாரத்தில் இருப்பவனும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். இந்த உரிமையைக் கையில் வைத்திருந்த வணிகர் கூட்டத்துக்கு ‘ஹோஸ்ட்மென்’ என்று பெயர். வெளியூர் வணிகர்களுக்கு விடுதி கொடுத்து, அவர்கள் வியாபாரத்தையும் மேற்பார்த்தவர்கள் என்பதால் வந்த பெயர். 1600-இல் முதலாம் எலிசபெத் அரசி இவர்களுக்கு முறையான பட்டயம் கொடுத்தார். கைம்மாறாக, கடல்வழியே உள்நாட்டுக்குப் போகும் ஒவ்வொரு ‘சால்ட்ரன்’ கரிக்கும் ஒரு ஷில்லிங் அரசுக்கு. (சால்ட்ரன் என்பது கரிக்கான முகத்தலளவை. நியூகாசில் சால்ட்ரன் ஏறக்குறைய 2.7 டன், லண்டன் சால்ட்ரன் அதில் பாதி அளவுதான். ஒரே பெயரில் இரண்டு படி வைத்து வியாபாரம் செய்தவர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள்.) அந்த ஷில்லிங் வரியைப் பின்னாளில் இரண்டாம் சார்லஸ் தன் முறைகேடான மகனான ரிச்மண்ட் பிரபுவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் ‘ரிச்மண்ட் ஷில்லிங்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஆக, லண்டன்காரனுக்குக் கரி என்றால் நியூகாசில். 1643-இல் உள்நாட்டுப் போரின்போது நியூகாசில் மன்னர் பக்கம் இருந்ததால், நாடாளுமன்றம் அந்த ஊரோடு வியாபாரத்தைத் தடைசெய்தது. தலைநகரம் குளிரில் விறைத்தது. 1644 அக்டோபரில் ஸ்காட்லாந்துப் படை ஊரைப் பிடித்த பிறகுதான் கரிக்கப்பல்கள் பழையபடி வரத் தொடங்கின. ஓர் ஊரின் பெயர் நாட்டுமக்கள் நாக்கில் உட்கார இப்படியொரு குளிர்காலமே போதும்.

‘கடல்கரி’ என்று பழைய ஏடுகளில் வருகிறதே, அது வேறா?

அதேதான். பழைய ஆங்கிலத்தில் கரி என்ற சொல் முதலில் மரக்கரியையும் தணலையும்தான் குறித்தது. மண்ணுக்கடியிலிருந்து வந்த புதுக்கரியைப் பிரித்துக் காட்ட ‘கடல்கரி’ என்றார்கள். வடகிழக்குக் கடற்கரையில் அலை ஒதுக்கிய கரியை மக்கள் பொறுக்கியதும் ஒரு காரணம், லண்டனுக்கு அது கடல்வழியே வந்ததும் ஒரு காரணம். நாம் அடுப்புக்கரி, நிலக்கரி என்று பிரிக்கிறோம் அல்லவா, அதே தேவைதான். நாம் அது கிடைக்கும் இடத்தை வைத்துப் பிரித்தோம், அவர்கள் அது வரும் வழியை வைத்துப் பிரித்தார்கள். லண்டனில் ‘கடல்கரிச் சந்து’ என்ற பெயர் 1228-லேயே பதிவாகியிருக்கிறது. 1306-இல் முதலாம் எட்வர்ட் மன்னர், புகை தாங்காமல், லண்டனில் கடல்கரி எரிக்கக் கூடாதென்று உத்தரவு போட்டார். யார் கேட்டார்கள்?

கரி எப்படித்தான் போனது? சுரங்கத்திலிருந்து லண்டன் அடுப்பு வரைக்கும் சொல்லுங்களேன்.

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பொறுமையாகக் கேளுங்கள்.

சுரங்கவாயிலிலிருந்து ஆற்றங்கரை வரை மரத் தண்டவாளங்கள் போட்டிருந்தார்கள். இரும்பு அல்ல, மரம். அதன்மேல் குதிரை இழுக்கும் பெட்டிவண்டி. சரிவு ஆற்றை நோக்கி இருந்ததால் சரக்கு வண்டி தானாக உருண்டு வரும். மேலே ஏறும்போது காலி வண்டியைக் குதிரை இழுத்துக்கொண்டு போகும். குறுக்கே பள்ளத்தாக்கு வந்தால் பாலம். அப்படி 1725–26-இல் கட்டிய காஸி வளைவுப் பாலம் இன்றும் நிற்கிறது; உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் பாலம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். நீராவி எஞ்சின் தண்டவாளத்தில் ஏறுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கும் முந்தைய கட்டுமானம் அது! ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1781-இல் பிறந்த வைலம் கிராமம் நியூகாசிலுக்கு மேற்கே சில மைல் தூரத்தில் இருக்கிறது. அவர் வீட்டு வாசலை ஒட்டியே இப்படியொரு கரிவண்டிப் பாதை ஓடியது. 1814-இல் கில்லிங்வர்த் சுரங்கத்தில் அவர் ஓடவிட்ட முதல் எஞ்சினும் கரி இழுக்கத்தான். இன்று உலகில் பெரும்பாலான ரயில்கள் ஓடும் நாலடி எட்டரை அங்குலத் தண்டவாள அகலம் அந்தக் கரிவண்டிப் பாதைகளின் அகலத்திலிருந்து வந்தது. நியூகாசிலை விட்டுக் கரியை வெளியே கொண்டுபோகும் தலைவலியில்தான் ரயிலே பிறந்தது என்று சொன்னால் பெரிய மிகையில்லை.

ஆற்றங்கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துறைகளிலிருந்து கரி படகில் கொட்டப்படும். படகுக்குக் ‘கீல்’ என்று பெயர். தட்டையான அடிப்பாகம், எட்டு சால்ட்ரன் கொள்ளளவு, ஏறத்தாழ 21 டன். ஆறு ஆழமில்லாதது, நியூகாசில் பாலமோ தாழ்வானது. பெரிய கப்பல் மேலே வர முடியாது. கீல்காரர்கள் துடுப்பு வலித்து முகத்துவாரம் பக்கம் போய், அங்கே காத்திருக்கும் கப்பலில் கரியை வாரி வாரி ஏற்றுவார்கள். கப்பலின் பக்கவாட்டு உயரம் அவர்கள் தலைக்கு மேலே. மண்வெட்டியால் மேல்நோக்கி எறிய வேண்டும். முதுகு ஒடிகிற வேலை. முரட்டு ஆட்கள், நீலச் சட்டைக்காரர்கள், வேலைநிறுத்தத்துக்கு அஞ்சாதவர்கள். முதுமையடைந்த கீல்காரர்களுக்காகத் தங்கள் கூலியிலிருந்தே பணம் பிடித்து 1701-இல் ஓர் இல்லம் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது.

பிறகு கரிக்கப்பல். அகன்ற வயிறும் தட்டையான அடியுமாக, தரைதட்டினாலும் சாயாமல் உட்காரும் உறுதியான கப்பல்கள். ஜேம்ஸ் குக் 1740-களில் கடல்தொழில் கற்றது விட்பி துறைமுகத்துக் கரிக்கப்பல்களில்தான். பின்னாளில் பசிபிக் பெருங்கடலுக்குப் போக அவர் ஏறிய ‘எண்டவர்’ கப்பலும் 1764-இல் விட்பியில் கரி சுமக்கக் கட்டிய கப்பல்தான். பிறகுதான் பெயரை மாற்றினார்கள்.

லண்டனில் இறங்கும் கரிக்கு வரி. 1666 பெருந்தீயில் நகரம் சாம்பலானபோது அதைத் திரும்பக் கட்டவும், செயின்ட் பால் பேராலயத்தை எழுப்பவும் பெரும்பகுதிப் பணம் அந்தக் கரிவரியிலிருந்துதான் வந்தது. தேவாலயத்தின் குவிமாடத்தைப் பார்க்கிறவர்களுக்கு அதில் கீல்காரனின் வியர்வை தெரியாது.

திரும்பி வரும் கப்பல்கள் எதைக் கொண்டுவந்தன?

இதை யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு மாணவி மட்டும் கேட்டாள். சொலவடையின் கிண்டல் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

லண்டனிலிருந்து நியூகாசிலுக்கு அனுப்ப அந்த அளவுக்குச் சரக்கு கிடையாது. காலிக் கப்பல் கடலில் உருண்டுவிடும் என்பதால் அடித்தட்டில் மணல், சரளை, சுண்ணாம்புக்கல் என்று பாரத்துக்காக எதையாவது அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள். டைன் ஆற்றுக்கு வந்ததும் அதைக் கரையில் கொட்டிவிட்டுக் கரி ஏற்றுவார்கள். ஆற்றுக்குள்ளேயே கொட்டினால் அபராதம். நூற்றாண்டுக் கணக்கில் கொட்டிக் கொட்டிக் கரையோரம் குன்றுகளே எழுந்தன.

இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு சொலவடையைக் கேளுங்கள். நூற்றுக்கணக்கான கப்பல்கள் காலி வயிற்றோடு வடக்கே போகின்றன, கரி நிரப்பிக்கொண்டு வர. நடுவில் ஒருத்தன் மட்டும் கரியை நிரப்பிக்கொண்டு வடக்கே போகிறான். சரக்கு தப்பு என்பதைவிடத் திசை தப்பு என்பதுதான் வேடிக்கை.

முதலில் எழுதி வைத்தவர் யார்?

வாய்ச்சொல்லுக்குப் பிறந்தநாள் கிடையாது. அச்சில் வந்ததைத்தான் சொல்ல முடியும். 1606-இல் அச்சான தாமஸ் ஹேவுட்டின் நாடகமொன்றில் “நியூகாசில் கரிபோலச் சர்வசாதாரணம்” என்ற பொருளில் ஓர் உவமை வருகிறது. அதில் வீண்வேலை என்ற கருத்து இல்லை. ஏராளம் என்ற கருத்து மட்டும்தான். சொலவடை முழு வடிவில் தாமஸ் ஃபுல்லர் என்ற பாதிரியாரிடம் கிடைக்கிறது. இங்கிலாந்தின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதன் பெருமக்கள், விளைபொருள்கள், பழமொழிகள் என்று தொகுத்த அவருடைய பெருநூல் அவர் இறந்த மறுவருடம், 1662-இல் வெளியானது. முன்பே செய்து முடித்த காரியத்தைச் செய்வது, தேவையற்ற வேலையில் ஈடுபடுவது என்று அவரே விளக்கமும் தருகிறார். விளக்கம் தேவைப்பட்டிருக்கிறது என்றால், இங்கிலாந்தின் எல்லா மூலைக்கும் அது அப்போது எட்டியிருக்கவில்லை போலும் என்று எனக்குத் தோன்றும்.

1679-இல் அது அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. வர்ஜீனியாவில் குடியேறிய வில்லியம் ஃபிட்ஸ்ஹியூ ஒரு கடிதத்தில், உங்களுக்குத் தெரிந்ததையே நான் மேலும் சொல்வது நியூகாசிலுக்குக் கரி கொண்டுபோவதாகும் என்று எழுதுகிறார். சரக்கிலிருந்து செய்திக்கும் அறிவுக்கும் பொருள் நகர்ந்துவிட்டதைக் கவனியுங்கள். ஸ்காட்லாந்துக்காரர்களுக்குச் சொந்தமாக வேறொன்று இருந்தது: டைசார்ட்டுக்கு உப்பு. கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்த ஊர் அது. அந்த உப்பளங்கள் போன பிறகு சொலவடையும் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ‘கரி சுமக்க மாட்டோம்’ என்று வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. ரோமியோ ஜூலியட் தொடங்கும்போதே ஒரு வேலைக்காரன் அப்படிச் சொல்கிறான். அங்கே கரி சுமப்பது என்றால் அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு போவது. கரி அள்ளும் கடைநிலை வேலையாளைப் போலக் கிடப்பது. தணலின்மேல் இழுப்பது என்று ஒருவரைக் கடுமையாகக் கண்டிப்பதற்குச் சொல்லும் தொடருக்கும் நியூகாசிலோடு உறவில்லை. கரி மட்டும்தான் பொது.

நிஜமாகவே யாராவது நியூகாசிலுக்குக் கரி கொண்டுபோய் விற்றதுண்டா?

டிமதி டெக்ஸ்டர் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நியூபரிபோர்ட் என்ற துறைமுக ஊர்க்காரர், 1747-இல் பிறந்தவர், அதிகம் படிக்காதவர். புரட்சிக்காலக் காகிதப் பணம் மதிப்பிழந்து கிடந்தபோது வாங்கிப் போட்டுப் பணக்காரர் ஆனார். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. அவரைத் தெருவில் நிறுத்துவதற்காகவே, “நியூகாசிலுக்குக் கரி அனுப்பு, நல்ல விலை போகும்” என்று ஏற்றிவிட்டார்களாம். அவரும் அனுப்பினாராம். கப்பல் போய்ச் சேர்ந்த நேரம் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம், கரி ஒரு துண்டு கிடையாது, கொள்ளை லாபமாம்.

‘ஆம், ஆம்’ என்று சேர்த்துக்கொண்டே போவதைக் கவனித்திருப்பீர்கள். டெக்ஸ்டர் கதைகளில் பாதி அவரே அவிழ்த்துவிட்டவை. வெயில் சுடும் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் படுக்கை சூடாக்கும் நீண்ட கைப்பிடிச் சட்டிகளை அனுப்பினாராம். அங்கே கரும்புப்பாகு மொள்ள அகப்பையாக வாங்கிக்கொண்டார்களாம். 1802-இல் அவர் எழுதிய சிறு நூலில் நிறுத்தற்குறியே கிடையாது. வாசகர்கள் முறையிட்டதும், அடுத்த பதிப்பில் ஒரு பக்கம் முழுக்கக் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியுமாக அச்சடித்து, வேண்டியவர்கள் உப்பு மிளகுபோலத் தூவிக்கொள்ளட்டும் என்றார். இப்பேர்ப்பட்டவர் கரி விற்றாரா என்று கேட்டால், விற்றிருக்கக்கூடியவர் என்பேன். கணக்குப் புத்தகம் கேட்காதீர்கள்.

இப்போதும் நியூகாசிலில் கரி வெட்டுகிறார்களா?

இல்லை. 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றபின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பக்கத்து நகரமான சண்டர்லேண்டில் வேர்மவுத் சுரங்கம் 1993-இல் மூடியது. அதன்மேல் இப்போது கால்பந்து மைதானம். வடகிழக்கின் கடைசி ஆழ்சுரங்கமான எலிங்டன் 2005-இல் மூடியது. நாட்டின் கடைசி ஆழ்சுரங்கம், யார்க்‌ஷரின் கெல்லிங்லி, 2015 டிசம்பரில்.

இதில் ஒரு விசித்திரம். 2000-களில் டைன் துறைமுகத்துக்கு ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக நிலக்கரி வந்து இறங்கியது, மின்நிலையங்களுக்காக. சொலவடை அப்படியே நடந்துவிட்டது! பத்திரிகைகளுக்குத் தலைப்பு யோசிக்கும் வேலையே இல்லை. அதுவும் நீடிக்கவில்லை. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றுவிட்டது. இன்று நியூகாசிலுக்குக் கரி கொண்டுபோனால் வாங்க ஆளில்லை. ஆனால் நிறைய இருப்பதால் அல்ல, யாருக்கும் வேண்டாததால். முடிவு அதேதான், காரணம் மட்டும் தலைகீழ்.

மற்ற மொழிகளில் இதற்கு இணை உண்டா?

இல்லாத மொழி அபூர்வம். பழைய கிரேக்கர்கள் ‘ஏதென்ஸுக்கு ஆந்தை’ என்றார்கள். கி.மு. 414-இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் நாடகத்திலேயே அது இருக்கிறது. ஆந்தை அந்நகரத் தெய்வம் ஆதீனாவின் பறவை, அவர்களுடைய வெள்ளிக்காசிலும் ஆந்தைதான். ஜெர்மானியர்கள் இன்றைக்கும் அந்த ஆந்தையைத்தான் ஏதென்ஸுக்குச் சுமக்கிறார்கள். ரோமானியர் ஹோரேஸ் காட்டுக்கு விறகு சுமப்பதைச் சொல்கிறார். ரஷ்யர்கள் தூலாவுக்குச் சொந்த சமோவாரோடு போகக் கூடாதென்பார்கள். தேநீர்க் கொதிகலன் செய்வதில் பெயர்பெற்ற ஊர் அது. பாரசீகத்தில் கெர்மானுக்குச் சீரகம். யூதர்களின் தால்முத்தில், எகிப்திய மந்திரவாதிகள் மோசேயைப் பார்த்து “அஃபராயிமுக்கே வைக்கோலா?” என்கிறார்கள்: மாயம் பிறந்த நாட்டுக்கே மாயம் காட்ட வந்தாயா என்று.

எனக்குப் பிடித்தது இந்திக்காரர்களுடையது: ‘உல்ட்டே பாஸ் பரேலி கோ’. மூங்கில் ஏற்றுமதி செய்யும் பரேலிக்கே மூங்கில் திரும்பிப் போகிறது. ‘உல்ட்டே’ என்ற ஒரு சொல்லில் திசை தப்பு என்பதைப் பளிச்சென்று காட்டிவிடுகிறார்கள்.

சரி, தமிழில் எப்படி மொழிபெயர்ப்பது?

எல்லோரும் உடனே சொல்லும் விடை: “திருநெல்வேலிக்கே அல்வாவா?” அல்லது “திருப்பதிக்கே லட்டா?” வடிவம் அச்சாகப் பொருந்துகிறது: ஓர் ஊர், அந்த ஊர்ச் சரக்கு. ஆனால் கை வைக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள். நம் பேச்சில் அல்வா கொடுப்பது என்றால் ஏமாற்றுவது. ஆகவே ‘திருநெல்வேலிக்கே அல்வாவா’ என்பதில் ‘யார்கிட்ட உன் வேலையைக் காட்டுற?’ என்ற சவால் நுழைந்துவிடுகிறது. எத்தனுக்கு எத்தன் என்ற வாடை. ஆங்கிலத் தொடரில் அந்த வாடை இல்லை. அதில் இருப்பது வெறும் வெட்டிவேலை. ஒரு பாட்டிக்கு அன்போடு ஊறுகாய் கொண்டுபோன பேத்தியைப் பற்றிய வரியில் அல்வாவைப் போட்டால், பேத்தி மோசக்காரி ஆகிவிடுவாள்.

‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’ பழைய பழமொழி, பொருளும் நெருக்கம். விற்கப் போகிறவன் அசடு என்பது மட்டும்தான் அதில் தொனி. டெக்ஸ்டர் கதையைத் தமிழாக்கினால் நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் அதிலும் சற்று அதிகப்பிரசங்கித்தனம் உண்டு: தொழில் தெரிந்தவனிடமே தொழிலைக் காட்டுவது.

‘மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பது’ இதற்குப் பொருந்தாது. பாட்டிக்கு முட்டை உறிஞ்சக் கற்றுக்கொடுக்காதே என்று ஆங்கிலத்தில் வேறொரு சொலவடை இருக்கிறது, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘கடலில் கரைத்த பெருங்காயம்’ சுத்தமாகச் சேராது. அங்கே பெருங்காயம் போதாமல் காணாமல் போகிறது, இங்கே தேவைக்குமேல் கிடக்கிறது.

இதெல்லாம் வேண்டாம், ஊர்ப்பெயர் இருந்தே ஆக வேண்டும் என்றால், “கரி விளையும் நியூகாசிலுக்கே கரி சுமப்பது” என்று எழுதுங்கள். ‘கரி விளையும்’ என்ற இரண்டு சொல்லும் ஓர் ஏகாரமும் போதும். என் ஆசிரியரின் பென்சிலுக்கு வேலை இருந்திருக்காது.

இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் கோபித்துக்கொள்வாரா?

தன்னையே கிண்டல் செய்துகொள்ளச் சொன்னால் நாகரிகம்: “உங்களிடம் இல்லாததா, இருந்தாலும் கொண்டுவந்தேன்.” அடுத்தவர் கொண்டுவந்த பரிசைப் பார்த்துச் சொன்னால் அடிதான்.

ஆஸ்திரேலியாவிலும் ஒரு நியூகாசில் உண்டே?

உண்டு, அது இந்தச் சொலவடைக்கு இன்னும் பொருத்தமானது. 1797-இல் தப்பியோடிய கைதிகளைத் தேடிப்போன லெப்டினன்ட் ஜான் ஷார்ட்லண்ட் ஓர் ஆற்றின் வாயில் நிலக்கரியைக் கண்டார். 1799-இலேயே அங்கிருந்து ஒரு கப்பல் கரி வங்காளத்துக்கு வந்துவிட்டது. 1804-இல் அங்கே அமைத்த குடியிருப்புக்கு, கரி இருக்கும் ஊருக்கு வேறென்ன பெயர் என்று நினைத்தார்களோ என்னவோ, நியூகாசில் என்றே வைத்தார்கள். இன்று உலகின் மிகப்பெரிய நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகங்களில் ஒன்று அது. தென்னாப்பிரிக்காவிலும் ஒரு நியூகாசில் இருக்கிறது, அங்கேயும் கரி. ஆனால் அந்தப் பெயர் கரியால் வந்ததல்ல, நியூகாசில் பிரபு என்ற பட்டம் கொண்ட குடியேற்ற அமைச்சரால் வந்தது.

கோழிக்கு வரும் நியூகாசில் நோய்?

அதே ஊர்தான். 1920-களின் பிற்பகுதியில் அங்கே அடையாளம் கண்டதால் உலகம் அப்படி அழைக்கிறது. இந்தியாவில் கண்டது ராணிக்கெட்டில். ஆகவே நம் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு அது ராணிக்கெட், கிராமத்தில் வெள்ளைக்கழிச்சல்.

நியூகாசிலுக்குப் போனால் இதையெல்லாம் பார்க்க முடியுமா?

கோட்டைக் கோபுரம், கீல்காரர் இல்லம் இரண்டும் ஊருக்குள்ளேயே. எதிர்க்கரையான கேட்ஸ்ஹெட்டில், 1893-இல் கட்டிய டன்ஸ்டன் மரத்துறை ஆற்றோரம் அரை கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. கொஞ்சம் தீப்பிடித்து நடுவே அறுந்திருந்தாலும், எவ்வளவு கரி இந்த வழியே போயிருக்கும் என்று புரியவைக்க அது ஒன்றே போதும்.

நேரமிருந்தால் ஊஸ்பர்ன் பக்கம் ‘பேலஸ்ட் ஹில்ஸ்’ என்ற பழைய இடுகாட்டையும் பாருங்கள். காலிக் கப்பல்கள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும் சேர்ந்த மேடு அது. அரசுத் திருச்சபையோடு சேராத கிறிஸ்தவர்களையும் ஏழைகளையும் அங்கேதான் புதைத்தார்கள். இப்போது புல்வெளியாகிவிட்டது, பழைய கல்லறைக் கற்கள் நடைபாதையில் படுத்துக் கிடக்கின்றன. நியூகாசிலுக்கு நிஜமாகவே கொண்டுபோன சரக்கு அவற்றுக்குக் கீழேதான் இருக்கிறது.